அந்த 48 எண்களைப் போனில் சொல்லுங்கள்

எங்கள் சேவை மையங்களின் கணினிகளைத் தலைமையிடத்திலிருந்து நிர்வகிக்கும் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய அப்டேட் என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். அஞ்செட்டியில் என் மையத்துக் கணினி காலை பத்தரைக்குத் தானாக அணைந்தது. திரும்ப எழுந்தபோது நீலத் திரையில், கணினி வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. வாசலில் பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

ஹெல்ப்டெஸ்க்கில் புகார் டிக்கெட் போட்டேன். அங்கிருந்தே ரிமோட்டில் சரிசெய்வதாகச் சொன்னார்கள். அந்தத் திரையில் நிற்கும் கணினியில் விண்டோஸே எழுந்திருக்காது. உங்கள் ரிமோட் மென்பொருள் எப்படி ஓடும்? இதைச் சொன்னேன். மேலே தெரிவிப்பதாகச் சொன்னார்கள். செவ்வாயும் புதனும் அப்படியே போயின.

மலை ஊரிலிருந்து ஒரு பாட்டி, பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காக மூன்று நாளும் நடந்தே வந்தார். "பொட்டி இன்னும் எந்திரிக்கலையா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பேத்தி கல்லூரியில் சேர வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

புதன் மாலை, சிபியூவை நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். வியாழன் விடிகாலையில் அதைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வந்தேன். அங்கே என்னைப் போலவே இன்னும் நான்கு பேர் மடியில் சிபியூவோடு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் ஊழியர் திரையில் இருந்த குறியீட்டைத் தன் கணினியில் தேடி, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்களைத் தட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமையே அந்த எண் உங்கள் கையில் இருந்திருக்கிறது.

அதைப் போனில் சொல்லியிருக்கலாமே, ஐயா!

பாதுகாப்பு விதி என்றார்கள். எங்கள் கணினியில் ஊராரின் ஆதார் நகல்கள் இருக்கின்றன, வட்டைப் பூட்டி வைத்தது சரிதான். ஆனால் பதிவில் உள்ள என் எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்து, நான்தான் என்று உறுதிசெய்துகொண்டு சொல்லலாம். கணினி எழுந்ததும் உங்கள் மென்பொருளிலிருந்தே மீட்பு எண்ணை மாற்றிவிடலாம். அப்புறம் பழைய எண் யாரிடம் இருந்தாலும் பயன்படாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதைப் பார்த்த பிறகுமா எல்லா மையத்துக்கும் ஒரே நேரத்தில், அதுவும் திங்கட்கிழமை காலையில் அனுப்புவது? அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017 மார்ச்சில் வந்த விண்டோஸ் திருத்தத்தைப் போடாத கணினிகளைத்தான், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் மே மாதம் பிடித்தது. நாலு மையத்தில் போட்டு ஒரு நாள் பாருங்கள், பிறகு மற்றவர்களுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். மையம் மூடிக்கிடந்த நாட்களுக்கு எங்களுக்கு வருமானம் கிடையாது. பஸ் செலவும் எங்களுடையதுதான். அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பாட்டியின் விண்ணப்பத்தை வியாழன் இரவு ஏழரைக்கு ஏற்றினேன். சான்றிதழ் இன்னும் வரவில்லை.

அடுத்த அப்டேட் வருவதற்குள், மீட்பு எண்ணைப் போனில் சொல்ல ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மைய ஆபரேட்டர், அஞ்செட்டி