வால்வைத் திருகிப் பிழைக்கும் பம்புகள்

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்குப் பம்பு தேர்ந்தெடுத்து மதிப்பீடு எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கொள்ளிடக் கரையில் ஒரு நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு ஐடிஐ ஃபிட்டர். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திருத்துங்கள்.

எங்களுடையது டர்பைன் பம்பு: மோட்டார் மேலே, நீளமான ஷாஃப்டின் அடியில் பம்பு கிணற்றுக்குள். அதன் டெலிவரி வால்வு, அதாவது தண்ணீர் வெளியே போகும் வழியில் உள்ள வால்வு, முழுதாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. பாதியைத் தாண்டினால் ஆம்ப்ஸ் ஏறி டிரிப் ஆகிவிடும். எனக்கு முன்பிருந்தவர் வால்வு தண்டில் பெயின்டால் கோடு போட்டு, "இதுக்கு மேல திருகாத தம்பி" என்று சொல்லிவிட்டு ஓய்வு பெற்றார். நானும் வருடக்கணக்கில் அந்தக் கோட்டுக்குக் காவல் இருந்தேன். ஒரு மே மாதம், சும்மா இருக்க முடியாமல், வால்வுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜும் பின்னால் ஒன்றும் மாட்டிப் பார்த்தேன். பம்பு தந்த 60 மீட்டர் ஹெட்டில் (தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தை உயரமாகச் சொல்லும் கணக்கு) 15 மீட்டரை வால்வே தின்றுகொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்த அந்தக் கோடையிலும் எங்களுக்குத் தேவைப்பட்டது 45 மீட்டர்தான்.

நொடிக்கு 100 லிட்டர், பம்பின் எஃபிஷியன்சி 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 15 மீட்டருக்கு மட்டும் 19.6 கிலோவாட். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 21-ஐத் தாண்டும். தினம் 20 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் யூனிட்டுக்கு மேல். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடுதலாக ஊருக்குப் போகவில்லை.

இந்த 15 மீட்டர் எங்கிருந்து வந்தது? யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்த்ததல்ல. "எதற்கும் இருக்கட்டும்" என்று மேசைக்கு மேசை இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் ஏறியிருக்கும். குழாய் உராய்வில் இன்னும் பெரிய ஓட்டை. உள்ளே சிமெண்ட் பூசிய புது டிஐ (டக்டைல் இரும்பு) குழாய்க்கு, உராய்வுக் கணக்கில் குழாயின் வழுவழுப்பைச் சொல்லும் ஹேசன் வில்லியம்ஸ் 'சி' எண் 140 போட வேண்டிய இடத்தில், பழைய வார்ப்பிரும்புக் கணக்கிலிருந்து 100-ஐ எடுத்து எழுதினால், உராய்வு ஹெட் 1.86 மடங்காகிவிடுகிறது. நீளமான லைனில் இது ஒன்றே போதும், பம்பு தடம் மாற.

சரி, வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்கலாம். டர்பைன் பம்பின் அழகே இங்கேதான் இருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். ஸ்டேஜுக்கு 15 மீட்டர் வீதம் நான்கு ஸ்டேஜ் என்றால், ஒரு இம்பெல்லரைக் கழற்றினால் 45. அடியில் உள்ள முதல் இம்பெல்லரில் மட்டும் கை வைக்கக் கூடாது. உறிஞ்சும் நிலைமை அதை நம்பித்தான் இருக்கிறது. மேலே உள்ளதை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த கூடான பவுலை மட்டும் வெறுமனே அப்படியே விடலாம். புதிதாக வாங்கும்போதே இப்படிச் செய்தால் இன்னும் நல்லது. மக்கள்தொகை ஏறும் என்று 15 வருடம் தள்ளிப் பார்த்துத்தானே கணக்குப் போடுகிறீர்கள்? ஷாஃப்டையும் மோட்டாரையும் நான்கு ஸ்டேஜுக்கு வாங்குங்கள். இன்றைக்கு மூன்று இம்பெல்லர் போடுங்கள். தேவை வரும் வருடம் நான்காவதை மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் கிணறு. அதன் மட்டம் கொள்ளிடத்தோடு ஏறி இறங்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போன ஆறு இதுதான். ஏப்ரலில் மணல் மட்டும் தெரிகிற ஆறும் இதுதான். ஒரு நாள் போய் டேப் இறக்கி அளந்த மட்டத்தை வைத்து பம்பு வாங்க முடியாது. மோட்டார் தளத்துக்கு வெள்ள மட்டம் வேண்டும். பம்பைத் தொங்கவிட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் காலம் (column) பைப்பின் நீளத்துக்குக் கோடை மட்டம் வேண்டும். பம்பின் வாய்ப் பகுதி 40 சென்டிமீட்டர் விட்டம், ஓட்டம் நொடிக்கு 100 லிட்டர் என்றால், அதன் விளிம்புக்கு மேல் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். காற்றை இழுத்தால் ஓட்டம் தடுமாறும், ஷாஃப்ட் அதிரும், பேரிங் போகும். பைப் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

கரண்ட் போனதும் பைப்பில் நிற்கும் தண்ணீர் இறங்கி ஷாஃப்டைப் பின்னோக்கிச் சுற்றாமல் இருக்க ராட்செட், தொடங்குமுன் மேல் ரப்பர் பேரிங்குகளை நனைக்க ஒரு சின்னத் தொட்டி. விலைப்பட்டியலில் முதலில் அடிபடுவது இந்த இரண்டும்தான். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

கிணற்று மட்டத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாங்கள் லாக் புக்கில் எழுதித்தான் வைத்தோம். நான் இருந்த காலத்தில் அதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. பேனல் அறையில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருக்கிறது. 2011 நோட்டைக் கறையான் தின்றுவிட்டது. மற்றவை நான் கிளம்பும்போது நன்றாகவே இருந்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பம்ப் ஆபரேட்டர்