ஆலோசகர் முகம் பார்த்துப் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2018-இல் தொடங்கிய இத்திட்டத்தில், வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கிறது. அப்புறம் அது குறைந்துகொண்டே போகும். பணம் குறையும் வேகத்தில் வேலை கிடைத்துவிடுமா? அதற்குத்தான் வேலை ஆலோசகர் வேண்டும்.

பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த என் தம்பி, ஆட்குறைப்பில் வேலை இழந்தான். இணையப் படிவத்தில் 'திறன்கள்' என்ற கட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். "எனக்கு என்னண்ணே தெரியும், மெஷின் ஓட்டத்தான் தெரியும்" என்றான். சொக்சோவின் வேலை ஆலோசகர் ஒருவர் அவனை எதிரே உட்கார வைத்து, அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியது, புதிதாக வந்தவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தது, இரவு ஷிப்டில் சரக்குக் கணக்குப் பார்த்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ஒரு கிடங்கில் அவனுக்கு நேர்முகத் தேர்வு கிடைத்தது. சொக்சோவின் வேலை தேடும் இணையத்தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸ் நல்லதுதான், ஆனால் அது இப்படித் துருவிக் கேட்காது.

ஆகவே, வாரம் ஒரு நாளாவது பட்டர்வொர்த், பிறை வட்டார சமூக மண்டபங்களில் ஆலோசகர்கள் வந்து அமர சொக்சோ ஏற்பாடு செய்யட்டும். அவர்களில் தமிழ் பேசும் ஒருவரும் இருக்கட்டும்.

– வாசகர், பட்டர்வொர்த்