குறும்பட செட்டில் இயக்குநர் எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த மைக், விளக்கை எப்படி வைப்பது என்று விவரமாகச் சொல்லியிருந்தார்கள். பயனுள்ள கட்டுரை. ஆனால் படப்பிடிப்பு நாளில் இயக்குநரின் வேலை என்ன என்பதற்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆளும் நேரமும் குறைவு என்பதால் குறும்பட இயக்குநர் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்யத் தயாராக இருக்க வேண்டுமாம். அந்த ஒரு வரியை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடிட்டர். திரைப்பட மாணவர்களும், வேறு வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் படம் எடுப்பவர்களும் கொண்டு வரும் குறும்படங்களைத் தொகுத்துத் தருகிறேன். படப்பிடிப்புக்கு நான் போவதில்லை. போகாமலேயே அங்கே நடந்ததில் பாதி எனக்குத் தெரிந்துவிடும். கிளாப் அடிப்பதற்கு முன்பும் ‘கட்’ சொன்ன பிறகும் கேமராவும் மைக்கும் சில நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடிகர் என்ன கேட்டார், இயக்குநர் பதில் சொன்னாரா, அந்த நேரத்தில் இயக்குநர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் ஃபுட்டேஜில் பதிவாகிவிடும். படத்தில் வராத இந்த நொடிகளை நான் ஒன்று விடாமல் கேட்பேன். படம் எங்கே சரியாக வந்தது, எங்கே கைவிட்டுப் போனது என்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அதில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு குரல் உண்டு. ‘கட்’ என்றதும் இயக்குநர் ஒளிப்பதிவாளரிடம் ‘ஃபோகஸ் ஓகேவா?’ என்பார். ஒலிப்பதிவாளரிடம் ‘சவுண்ட் ஓகேவா?’ என்பார். அப்புறம் ‘சரி, ஒன் மோர்’ என்பார். நடுவில் நடிகர் நின்றுகொண்டிருப்பார். சில சமயம் அவரே ‘நான் சரியா பண்ணினேனா?’ என்று கேட்பார். ‘சூப்பர், அப்படியே பண்ணுங்க’ என்று பதில் வரும். அவரும் அப்படியே பண்ணுவார். ஒரே மாதிரி ஆறு டேக்குகள் என் மேசைக்கு வரும். ஆறில் எதை எடுத்தாலும் ஒன்றுதான். ஆறு பேர் முழு உழைப்பைக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் காட்சி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்த இயக்குநர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டு, பேட்டரியை மாற்றிக்கொண்டு, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே அதிகமாக ஓடுபவர்கள் அவர்கள்தான். நடிப்பை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ஃபுட்டேஜையும் சொல்ல வேண்டும். அப்பா வீட்டைக் காலி செய்து போகிறார். மகள் சாவிக்கொத்தை அவரிடம் கொடுக்கிறாள். இரண்டே வரி வசனம். மகளாக நடித்த பெண் முதல் மூன்று டேக்குகளிலும் வசனத்தின்போது அழுதுவிட்டார். நன்றாகத்தான் அழுதார், ஆனால் காட்சி அதோடு முடிந்துபோனது. மூன்றாவது டேக்குக்குப் பிறகு ஒலிப்பதிவு நிற்கவில்லை. இயக்குநர் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்காரும் சத்தம் கேட்கிறது. பிறகு மெதுவாக: “அழக் கூடாதுன்னு இல்லம்மா. அப்பா பார்த்துடக் கூடாது, அவ்வளவுதான். எது வாசல் சாவி, எது கேட் சாவின்னு ஒரு தடவை பார்த்துட்டுக் கொடு.” அப்பாவாக நடித்தவரிடம் போய்த் தனியாக ஏதோ சொன்னார். அது மைக்கில் விழவில்லை. மகளுக்கும் அது கேட்டிருக்காது. கேட்கக் கூடாது என்றுதான் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

நாலாவது டேக்கில் அந்தப் பெண் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார். குரல் தெளிவாக இருக்கிறது. அப்பா வாங்கிக்கொள்ள அவசரப்படாமல் கையை நீட்டியபடியே நிற்கிறார். படத்தில் அந்த டேக்கை நான் எங்கேயும் வெட்டவில்லை.

அங்கே இயக்குநர் செய்ததைக் கவனியுங்கள். ‘இன்னும் சோகமா’, ‘கொஞ்சம் குறைச்சு’ என்று அவர் கேட்கவில்லை. உணர்ச்சியைக் கேட்டால் நடிகர் அதைக் காட்ட முயல்வார். காட்ட முயல்வது கேமராவுக்குத் தெரிந்துவிடும். செய்வதற்கு ஒரு வேலையும் மறைப்பதற்கு ஒரு விஷயமும் கொடுத்தார். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் அவர் கையில் டிரைபாடோ ரிஃப்ளெக்டரோ இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

‘சத்யஜித் ராய் தானே கேமராவை இயக்கினாரே’ என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். 1960களின் நடுப்பகுதியிலிருந்து தன் படங்களின் கேமராவை அவர்தான் இயக்கினார். ஆனால் செட்டுக்கு வருவதற்கு முன்பே சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்களில் ஷாட்டுகளைப் படமாகவே வரைந்து வைத்திருப்பார். ஒளியை சுப்ரத மித்ராவும் பிறகு சௌமேந்து ராயும் பார்த்துக்கொண்டார்கள். அரங்க அமைப்பை நெடுங்காலம் பன்சி சந்திரகுப்தா பார்த்துக்கொண்டார். எனவே வ்யூஃபைண்டரில் கண் வைத்தபோது ராய் பார்த்தது நடிகரை. குறும்பட இயக்குநர் ஒருவர் கேமராவைத் தானே பிடிக்கும்போது ஃபோகஸ், எக்ஸ்போஷர், மெமரி கார்டில் எவ்வளவு இடம் பாக்கி என்று மனம் போய்விடுகிறது. அந்த மூன்றையும் பார்க்க ஒருவர் இருந்து, ஷாட்டும் முன்பே முடிவாகியிருந்தால் தாராளமாகக் கேமராவைப் பிடிக்கட்டும்.

மானிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து ‘ஆக்‌ஷன்’ என்று கத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரிய படப்பிடிப்பில் அதற்குக் காரணங்கள் இருக்கலாம். நாலைந்து பேர் இருக்கும் குறும்பட செட்டில் இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில், நடிகர் தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில் நிற்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. பழக்கமில்லாத நடிகர்கள் ‘கட்’ கேட்டதும் முதலில் ஒரு முகத்தைத்தான் தேடுவார்கள். ஃபுட்டேஜில் அந்தக் கண்கள் தேடுவதையும், யாரும் இல்லாமல் கீழே தாழ்வதையும் நான் பார்க்கிறேன். அடுத்த டேக்கில் அது தெரியும்.

அந்த ‘கட்’டையும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். சைலன்ஸ் கேட்பதும், கேமராவை ஓடவிட ‘ரோல்’ சொல்வதும் முதல் உதவி இயக்குநரின் வேலை; ஆபத்து எதுவும் இல்லாதவரை ‘கட்’ சொல்வது இயக்குநர் மட்டுமே. வசனம் முடிந்த மறுகணமே அதைச் சொல்லிவிடுகிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. வசனத்துக்குப் பிறகு மூன்று நொடி காத்திருந்தால் எனக்கு 72 ஃபிரேம் கிடைக்கும். சொன்னது மனதில் இறங்குவதும், முகம் மாறுவதும், அடுத்த காட்சிக்குப் போக எனக்கு ஒரு வழி கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். இயக்குநரின் குரல் நடிகரின் கடைசிச் சொல்லின் மேல் ஏறிவிட்டால் அந்தச் சொல்லையும் சேர்த்து இழக்கிறோம்.

பொழுது சாய்ந்து, வெளிச்சம் போக முக்கால் மணி நேரமே இருக்கும்போது எட்டு ஷாட் பாக்கி என்றால், எதை விடுவது என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளரிடம் விட்டால் அழகான ஷாட்டைக் காப்பாற்றுவார், அது அவர் இயல்பு. கதை எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்தவர் இயக்குநர் மட்டும்தான். எடிட்டராக என்னைக் கேட்டால், பேசுகிறவரின் க்ளோசப்பை விட்டுவிட்டுக் கேட்கிறவரின் க்ளோசப்பை எடுங்கள் என்பேன். பேசுகிறவரின் குரல், காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டிலேயே இருக்கிறது. கேட்கிறவரின் முகம் இருந்தால் வசனத்தைச் சுருக்கலாம், இரண்டு டேக்குகளை ஒட்டலாம், ஒரு டேக்கில் வலது கையிலும் அடுத்ததில் இடது கையிலும் இருக்கும் டம்ளரை மறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் இது பொருந்தாது. அதனால்தான் அந்த முக்கால் மணி நேரத்தில் இயக்குநருக்கு யோசிக்க இரண்டு நிமிடமாவது ஓய்வு தேவை. காலையிலிருந்து பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவருக்கு அது கிடைக்காது. பதற்றத்தில் எட்டையும் அரைகுறையாக எடுத்துக்கொண்டு வருவார்.

ஆள் இல்லையே என்பார்கள். ஐந்தே பேர் இருந்தாலும் இரண்டு வேலைகளை இயக்குநர் தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது. நேரத்தைப் பார்த்து எல்லோரையும் நகர்த்தும் வேலை ஒன்று. டேக் குறிப்பும், ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்க்கும் கன்டினியூட்டியும் இன்னொன்று. இரண்டாவதை ஒரு நண்பரிடம் ஒரு நோட்டும் போனும் கொடுத்து ஒப்படைக்கலாம். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஒரு போட்டோ. ஒவ்வொரு டேக்குக்கும் ஓகே, என்ஜி (சரியில்லை) அல்லது ஹோல்ட் (தேவைப்படலாம், வைத்திருங்கள்), கூடவே ஏன் என்று இரண்டு சொல். ‘டேக் 4, கடைசிப் பார்வை நன்று’ என்று எழுதியிருந்தால் அது இயக்குநர் மனதில் அன்று இருந்ததை எனக்கு அப்படியே கொண்டு வந்து சேர்க்கிறது. அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, முப்பது நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அந்தக் கட்டுரை எதுவுமே சொல்லவில்லை. 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில் பாலத்தின் மேல் நடந்த படப்பிடிப்பில் ரயில் மோதி சாரா ஜோன்ஸ் என்ற கேமரா உதவியாளர் இறந்தார். அவருக்கு வயது 27. தண்டவாளத்தில் படமெடுக்க ரயில் நிறுவனத்தின் அனுமதி அவர்களிடம் இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் படத்தின் இயக்குநர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். குறும்படக் குழுக்களில் அனுமதியில்லாமல் மொட்டை மாடி விளிம்பிலும், ஓடும் வண்டியிலும், தண்டவாளத்திலும் எடுப்பதை ஒரு சாகசமாகவே பேசுகிறார்கள். எனக்கு வரும் ஃபுட்டேஜில் கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் கேமராவோடு பின்னால் நகர்ந்துகொண்டே போகும் ஷாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ‘பார்த்து, பார்த்து’ என்று ஒரு குரல் கேட்கும். யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். அங்கே இருக்கும் நண்பர்கள் எல்லோரும் இயக்குநரின் வார்த்தையை நம்பி வந்தவர்கள். ‘இந்த ஷாட் வேண்டாம்’ என்று அவர் ஒருவர் சொன்னால் போதும், எல்லோரும் இறங்கி வந்துவிடுவார்கள். அதைச் சொல்வது ஷாட் லிஸ்ட் எழுதுவதைப் போலவே அவருடைய வேலை.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதியை எழுதுவதற்கு முன் குறும்படங்களில் நடித்தவர்கள் சிலரிடம் பேசுங்கள். டேக்குகளுக்கு நடுவே இயக்குநர் உங்களிடம் என்ன சொன்னார், எப்போது வந்து சொன்னார் என்று கேளுங்கள். கேமரா, லென்ஸ் விவரங்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அவர்கள் சொல்வதற்குக் கொடுத்தால் படமெடுக்கப் போகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்
(பெயரும் முகவரியும் தனியே இணைத்துள்ளேன்.)