நீலாங்கரை பிளாட் விஷயமாக

வேளச்சேரி,
ஆடி மாதம்.

அன்புள்ள முகில்,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. நித்யாவையும் படிக்கச் சொல், லோன் பேப்பரில் அவளும்தானே கையெழுத்துப் போடப்போகிறாள்.

நீ லிங்க் அனுப்பிய நீலாங்கரை பிளாட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். நான்காவது மாடி. ஹாலில் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே கடல். படத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். புரோமோட்டர் ஆபீஸ் பையன் இளநீர் வெட்டிக் கொடுத்தான். அப்பா அதைக்கூடக் குடிக்காமல் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றார். நாகப்பட்டினத்துக்காரர் இல்லையா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "வீட்டுக்குள்ள உப்புக் காத்து வரணும்டி" என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷர். முட்டி வலி என்று தினமும் முனகுகிறவர், அன்றைக்கு லிஃப்ட் வேண்டாம் என்று நான்கு மாடியும் நடந்தே இறங்கினார். ஆகவே இந்தக் கடிதம் அவருக்குப் பிடிக்காது. எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் மறுபடி போனேன். முப்பத்தோரு வருஷம் பாங்கில் வேலை, அதில் பாதி வீட்டுக் கடன் செக்ஷனில். ஒரு தரம் பார்த்துவிட்டு ஒரு வீட்டை நம்ப எனக்கு வராது. இந்தத் தடவை உன் பிளாட்டுக்குப் போகவில்லை. அதே தெருவில், அதே வரிசையில், ஒன்பது வருஷமான ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே போய் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். திண்டிவனம் பக்கத்து ஆள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மொட்டை மாடி வரை கூட்டிப்போய்க் காட்டினார்.

மாடிப்படிக் கைப்பிடியில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஜன்னல் கிரில்லை விரலால் லேசாகத் தட்டினேன், துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. பெயிண்ட் அடித்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். மாடியில் ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு அடுக்கடுக்காக இருக்கும் பார், ஒன்றைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். விபூதி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "மூணு வருஷத்துக்கு மேல எதுவும் நிக்காது மேடம். பன்னெண்டு வீடு, ஏழு பூட்டிக் கெடக்கு. இருக்கிறவங்களும் கடல் பக்கத்து ஜன்னலைத் தொறக்கிறதில்ல, டிவி கெட்டுப்போகுதாம்" என்றார். கடல் தெரிய வேண்டும் என்று அத்தனை பணத்தைக் கொட்டி வாங்கிவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சிரிப்பு வராதது ஒன்றும் இருந்தது. இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கடல் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதும். ஊதினால் மேலே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். பூசி மெழுகினால் இரண்டு மழைக்குத் தாங்கும். நான் வேலையில் இருந்தபோது எங்கள் பேனல் இன்ஜினியர் கடலோரக் கட்டடம் என்றால் முதலில் இரண்டு கேள்விதான் கேட்பார். கான்கிரீட் எம்30 என்கிற வலுவுக்குக் குறையாமல் போட்டார்களா? கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட், விட்டார்களா? கடல் காற்று நேராகப் படுகிற இடத்துக்கு ஐ.எஸ். 456 என்கிற கான்கிரீட் தர விதி கேட்பது அதுதான். இளநீர் கொடுத்த பையனிடம் இதைக் கேட்டேன். "ஃபுல்லா பிராண்டட் கம்பி மேடம்" என்றான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். இன்ஜினியரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

தண்ணீர் இன்னொரு கூத்து. அந்தக் கட்டட போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தேன், கரிக்கிறது. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர்தான் முன்பெல்லாம் கிடைத்தது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். ஆளுக்கு ஆள் மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அடியில் இருப்பது மேலே வருகிறது. கடல்நீரிலிருந்து தினமும் 100 எம்.எல்.டி., அதாவது பத்துக் கோடி லிட்டர், குடிநீர் எடுக்கிற ஆலை 2013-லேயே நெம்மேலியில் வந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு மட்டும் இன்றைக்கும் லாரித் தண்ணீர். 2019-ல் நான்கு ஏரியும் வறண்டபோது நாம் லாரிக்குப் புக் பண்ணிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ அங்கிருந்து போன் பண்ணி "குளிச்சியாம்மா" என்று கேலி பண்ணினாய்.

இனிமேல்தான் என் தொழில். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991-ல் ஒரு அறிவிக்கை வந்தது. அதை 2011-லும் 2019-லும் மாற்றினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வருகிற எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரைக்கும் அதன் கட்டுப்பாடு உண்டு. நீலாங்கரை மாதிரி ஏற்கெனவே ஊராகிவிட்ட பகுதியில் புதுக் கட்டடம் வரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற ரோட்டுக்கோ, அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் வர வேண்டும். அவற்றைத் தாண்டிக் கடல் பக்கம் நீட்டக் கூடாது. உன் பிளாட்டுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது. எந்த ரோட்டை, எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டி அனுமதி வாங்கினார்கள்? சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பிளான், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இரண்டும் காட்டினார்கள். கடலோர மண்டல அனுமதிக் கடிதத்தைக் கேட்டதும் "அதெல்லாம் லீகல்ல இருக்கு" என்றார்கள். எந்த லீகலில்?

வேண்டாத பயம் என்று நினைக்காதே. கொச்சிக்குப் பக்கத்தில் மரடுவில் காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிகளை, இந்தச் சட்டத்தை மீறியதற்காகச் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2020 ஜனவரியில் இரண்டே நாளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் நாமெல்லாம் பார்த்தோம். அங்கே வாங்கினவர்களும் படித்தவர்கள்தான், அவர்களுக்கும் ஏதோ ஒரு பாங்க் லோன் கொடுத்திருக்கத்தான் செய்யும்.

பாங்கைப் பற்றி நான் பேசலாமா என்று நீ கேட்கலாம். நியாயம்தான். இந்த வேளச்சேரி வீட்டை 1997-ல் வாங்கினபோது பிரோஷரில் என்ன போட்டிருந்தான் தெரியுமா? "ஏரிக் காட்சியுடன்". பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் மேற்கே "ஏரி உள்வாய்" என்று இருந்தது, அதாவது ஏரித் தண்ணீர் நிற்கிற இடம். மற்றவர்கள் ஃபைலில் அந்த வார்த்தையைப் பார்த்தால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். என் வீடு என்றதும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் பாத்ரூம் ஜாலி வழியாகக் குபுகுபுவென்று வந்தது. அரை மணி நேரத்தில் கட்டில் கால் முழுகிவிட்டது. உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தேனே, அதில் இன்றைக்கும் உன் கணக்கு மார்க் மட்டும் படிக்க வராது. (உனக்கு அது நல்லதுதான்.) அப்புறம் நாங்கள் மேல் மாடிக்கு மாறினோம். 2023 மிக்ஜாம் புயலில் கீழே குடியிருந்தவர்களின் வாஷிங் மெஷின் மிதந்தது. அவர்கள் காலி பண்ணின பிறகு கீழ் வீட்டுக்கு ஆள் வரவே இல்லை.

கடல் ஏரி மாதிரி இல்லை, வெள்ளம் வந்தாலும் வடிந்துவிடும் என்று அப்பா சொல்கிறார். வாஸ்தவம். மணல் மேடு, மழைத் தண்ணீர் தேங்காது. ஆனால் கரை நின்ற இடத்தில் நிற்குமா? சென்னை ஹார்பர் கட்டினதில் தெற்கே மணல் ஒதுங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. வருஷத்தில் பெரும்பாலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் எவன் எங்கே கல்லைக் கொட்டினாலும் அதற்கு வடக்கே இருப்பவனுக்கு மணல் குறையும். நீலாங்கரைக்குத் தெற்கே நாளைக்கு யார் என்ன கட்டுவார்கள் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. சுனாமி பற்றி எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாகப்பட்டினத்துக்கு லைன் கிடைக்காமல் அப்பா போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததை நீயே பார்த்தாய். அப்படியிருந்தும் அவருக்குக் கடல்தான் வேண்டும். அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பாய். வீடுகளுக்கென்று 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடக்கம். நல்ல பாலிசி, எங்கே வாங்கினாலும் போட்டுவிடு. ஆனால் துருவுக்கு யாரும் கிளெய்ம் கொடுக்க மாட்டார்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் கடற்காற்று முதலில் நுழைவது அந்தப் பால்கனியில்தான், நம் வேளச்சேரிக்கு அது வந்து சேர்வதற்குள் நாம் வெந்துவிடுகிறோம். கடலுக்கு நேரே இருக்கும் இடம் இனிமேல் புதிதாக முளைக்காது, விற்றால் விலை போகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் ஆமை முட்டையிட அந்தக் கரைக்கு வருகிறது. 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். உங்கள் குட்டிப்பெண் வந்தால் அவளுக்குக் காட்டலாம். (வெளிச்சம் இருந்தால் ஆமைக்குஞ்சு கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் போய்விடும். உன் பிரோஷரில் புல்வெளி முழுக்க ஃபோகஸ் லைட்.)

சரி, என் கணக்கு இது. அவர்கள் கேட்பது 2 கோடியே 40 லட்சம். ஈ.சி.ஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேற்கே பாலவாக்கத்தில் மூன்றாவது தெருவில் ஒரு இரண்டாம் மாடி வீடு பார்த்திருக்கிறேன், 1 கோடியே 45. கட்டி ஆறு வருஷம். கிரில்லில் துரு இருக்கிறது, ஏடு ஏடாக இல்லை. மெட்ரோ வாட்டர் கனெக்ஷன் உண்டு. தாய்ப் பத்திரமும் முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழும் வாங்கிப் படித்துவிட்டேன், நான்கு எல்லையிலும் மனுஷர்கள் பெயர்தான் இருக்கிறது. ஜன்னலில் கடல் தெரியாது. ரோட்டைத் தாண்டி மணலுக்குப் போக என் நடைக்குப் பதினொரு நிமிஷம், அப்பா நடைக்குப் பதினாறு. இரண்டு பேரையும் வைத்து நேரம் பார்த்துவிட்டேன். வருஷத்தில் மூன்று வாரம் நீ வருகிறாய், மீதி நாளெல்லாம் கிரில்லுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடுவது நான்தான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

உனக்கு மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய். கார்த்திகை மாதம் லீவு போட்டுவிட்டு வா. அந்த வாட்ச்மேன் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றைப் பத்து நாள் வாடகைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன், தருவார்கள் போலிருக்கிறது. மழையும் வாடைக் காற்றுமாக இருக்கும்போது எல்லோருமாக அங்கே இருந்து பார்ப்போம். அது வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு பைசா அனுப்பாதே. ஏற்கெனவே அனுப்பிவிட்டாயா? அதை மட்டும் இன்றைக்கே எனக்கு மெசேஜ் போடு.

அப்பா இதைப் படித்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பரண் மேல் கிடந்த மடக்கு நாற்காலியை இறக்கி, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் பாலவாக்கம் பீச்சுக்குப் போகலாம் என்கிறார். பதினாறு நிமிஷம் என்று நான் எழுதியது தப்பாம், பன்னிரண்டுதானாம்.

அன்புடன்,
அம்மா