முந்திரி வாரியம் யாருக்காக? வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு,

வணக்கம். 10 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் வெளியான அறிவிப்பை, பண்ருட்டி வட்டாரத்து முந்திரி விவசாயிகள் மகிழ்ச்சியோடுதான் வரவேற்றோம். அந்த விவசாயிகளில் ஒருவனாக ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். இந்த வாரியம் தோப்பில் ஓட்டோடு கொட்டை விளைவிப்பவருக்கானதா, அதை ஆலையில் உடைத்துப் பருப்பு விற்பவருக்கானதா? சென்னையிலிருந்து பார்த்தால் இருவரும் ஒருவரே என்று தோன்றலாம். பண்ருட்டி அருகே காடாம்புலியூரில் நின்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

மத்திய அரசின் வரிக் கொள்கையிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. 2019இல் இறக்குமதியாகும் முந்திரிப் பருப்பின் மீதான சுங்க வரி 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு முழுப் பருப்புக்குக் கிலோ 720 ரூபாய், உடைந்த பருப்புக்கு 680 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையும் நிர்ணயிக்கப்பட்டது. வியட்நாமின் இயந்திர ஆலைகளோடு மல்லுக்கட்டும் நம் ஆலைகளுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைதான்; அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் ஓட்டோடு வரும் கொட்டையின் மீதான வரியோ, அதற்கு முந்தைய 2018-19 நிதிநிலை அறிக்கையில் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வளர்ச்சியில் மிகவும் பின்தங்கிய நாடுகள் என்ற பட்டியலில் இருக்கும் தான்சானியா, பெனின் போன்றவற்றின் கொட்டைக்கு, 2008இல் அறிவிக்கப்பட்ட சலுகைத் திட்டத்தின்படி வரியே இல்லை. இறக்குமதியை எதிர்த்து நிற்க ஆலைக்கு அரண் உண்டு, எங்கள் தோப்புக்கு இல்லை.

இறக்குமதியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் அறுவடை மார்ச்சில் தொடங்கி மே, ஜூனுக்குள் முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் கொட்டை உடைக்கவும் தோல் உரிக்கவும் போகும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆப்பிரிக்கக் கொட்டைதான் வேலை கொடுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் அறுவடையும் ஏறத்தாழ எங்கள் பருவத்திலேயே வருவதுதான் சிக்கல். கப்பலில் எவ்வளவு சரக்கு வருகிறது, என்ன விலைக்கு வருகிறது என்பதெல்லாம் வியாபாரிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. 80 கிலோ மூட்டைக்கு அவர் சொல்வதுதான் விலை. முன்பணம் வாங்கியவர்களுக்கு அந்த விலையை மறுக்கும் வாய்ப்பும் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் முந்திரி இடம்பெறவில்லை.

எங்களுக்குப் போட்டியாளர் என்று சொல்லப்படும் ஐவரி கோஸ்ட் விவசாயியும் எங்களைப் போன்ற சிறு விவசாயிதான். அவருடைய அரசு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், தோட்டத்திலேயே அவருக்குக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. தான்சானியாவில் கூட்டுறவுச் சங்கங்கள் கொட்டையைக் கிடங்கில் சேர்த்து ஏலம் விடுகின்றன. அந்த ஏற்பாடுகளில் குறைகள் இருக்கலாம், ஆனாலும் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே விளைந்து இங்கே வந்திறங்கும் கொட்டைக்கு ஓர் அரசு விலை சொல்லியிருக்க, எங்கள் தோப்பில் விளையும் கொட்டைக்கு எந்த அரசும் விலை சொல்வதில்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

வாரியம் அமைத்தாலே விளைவிப்பவருக்கு நன்மை வந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. கேரளத்தில் 2017இல் உருவான முந்திரி வாரியத்தின் முதன்மையான வேலை, ஆலைகளுக்காக வெளிநாட்டிலிருந்து கொட்டை வாங்கிக் கொடுப்பது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த கொல்லத்துக்கு அது பொருந்தலாம். தோப்பும் ஆலையும் அருகருகே இருக்கும் கடலூர் மாவட்டத்தில் அதையே நகலெடுத்தால், எங்கள் விலையைக் குறைக்க எங்கள் பெயரிலேயே ஒரு நிறுவனம் நடத்தியதாகிவிடும். ஆகவே வாரிய உறுப்பினர்களில் பாதிப் பேராவது முந்திரி பயிரிடுபவர்களாக இருக்க வேண்டும். அவர்களிலும் சிறு, குறு விவசாயிகள் இருக்க வேண்டும்.

பண்ருட்டி முந்திரிக்கு 2025இல் கிடைத்த புவிசார் குறியீட்டையும் இந்த நோக்கிலேயே பார்க்கிறேன். எங்கிருந்தோ வந்த கொட்டையைப் பண்ருட்டியில் உடைத்துப் பண்ருட்டி முந்திரி என்று விற்க முடியுமானால், அந்தப் பெயரின் பயன் செம்மண்ணில் மரம் வளர்த்தவருக்கு வராது. கொட்டை எந்த ஊரில் விளைந்தது என்பதைப் பதிவு செய்து சோதிக்கும் பொறுப்பை வாரியமே ஏற்க வேண்டும்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் பல தலைமுறைத் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. அதன்பின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக் கன்றுகளை நட்டவர்கள், காய்ப்புக்காகச் சில ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருந்தார்கள். அப்படி வளர்த்த மரங்களில் பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சி இறங்கினால் அந்த ஆண்டு விளைச்சலே போய்விடும். கன்றுக்கு மானியம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் கொட்டைக்கு நிலையான விலை இல்லாதபோது அந்தக் கன்றை நட யார் முன்வருவார்?

வாரியம் செயல்படத் தொடங்கும் முதல் பருவத்திலேயே, பிப்ரவரி முடிவதற்குள், கொட்டைக்கான அடிப்படை விலையை அறிவியுங்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் பண்ருட்டி, விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக அரசே கொள்முதல் செய்யட்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கொட்டையின் அளவையும் விலையையும் வாரந்தோறும் தமிழில் வெளியிடுங்கள்; அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்து முந்திரி விவசாயி ஒருவர்