எடை மெஷினை அறைக்குள் கொண்டுபோங்கள்

மதிப்புக்குரிய தாளாளர் ஐயாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் அப்பா எழுதுகிறேன். யாரென்று உங்களுக்குத் தெரியும், உங்கள் அறை வாசல் பெஞ்சில் இதுவரை நாலு தடவை உட்கார்ந்திருக்கிறேன். போன ஜூலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நேற்று வந்த சுற்றறிக்கைதான் என்னை எழுத வைத்தது. திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் மைதானத்தில் உயரம், எடை அளவெடுப்பு, மாணவர்கள் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்க வேண்டுமாம். அதே மைதானம், அதே வரிசை, அனேகமாக அதே மெஷின்.

நான் கேட்பது ஒன்றுதான். எடை பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் அறைக்குள் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் பாருங்கள்.

போன வருடம் வகுப்புத் தலைவன் எண்ணைக் கத்தினான், இன்னொரு பிள்ளை நோட்டில் எழுதியது, பின்னால் நின்ற நாற்பது பேரும் கேட்டார்கள். என் மகள் ஏறி நின்றதும் பி.டி. சார், "மெஷின் தாங்குமான்னு பாரு" என்றார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை கத்தியது போதும். அன்று சாயங்காலமே கலர் போட்ட பட்டியலாக அது வகுப்பு வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. அவள் பெயர் சிவப்பில், எடை அதிகமாம்.

அப்புறம் நடந்ததில் டிபன் பாக்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவரைக்கும் அவள் பாக்ஸைத் திறந்தாலே ஒரு வாடை அடிக்கும். ஓரத்தில் காய்ந்த தயிர்சாதம், ஒதுக்கிய கறிவேப்பிலை, எதையாவது சுருட்டி வைத்த டிஷ்யூ. ஆகஸ்டிலிருந்து பாக்ஸ் பளபளவென்று கழுவித் துடைத்து வர ஆரம்பித்தது. "பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று என் மனைவிக்கு ஒரே சந்தோஷம், பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னாள். உங்கள் பள்ளி ஆயாம்மாதான் பல மாதம் கழித்து எங்களிடம் சொன்னார், குழாயடிக்குப் பின்னால் இருக்கும் நாய்க்குக் கொட்டிவிட்டுக் கழுவுகிறாள் என்று. அந்த அம்மாவுக்கு நன்றி. அத்தனை ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் அவர் ஒருவர் கண்ணில்தான் அது பட்டிருக்கிறது.

புரட்டாசி வந்தது, சனிக்கிழமை விரதம் என்றாள். பாட்டி பூரித்துப் போனார். பிறகு செவ்வாய், பிறகு வெள்ளி. நம் ஊரில் சாப்பிடாமல் இருக்கும் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கையெடுத்துத்தான் கும்பிடுவார்கள். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் வரிசையாக, "மெலிஞ்சு நல்லா அழகாயிட்டியேடி" என்றார்கள். பங்குனி வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மாதவிலக்கு நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அட்மிட் செய்த அன்று அவள் எடையை உங்கள் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். பச்சை! சிவப்பில் இருந்தபோது ஓடியாடிக் கபடி விளையாடிய பிள்ளை, பச்சைக்கு வந்தபோது கையில் டிரிப்ஸோடு கிடந்தாள். எடை சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே உடம்பு பட்டினியில் தளர்ந்துபோகும் வகை ஒன்று இருக்கிறது, எடைக்குப் பயந்து சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியா என்ற நோயிலேயே அதுவும் சேர்த்தி என்று டாக்டர் சொன்னார். உங்கள் பட்டியல் வைத்திருந்ததோ பெரியவர்களுக்கான பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு. வளரும் பிள்ளைகளுக்கு வயதும், ஆணா பெண்ணா என்பதும் பார்த்துத்தான் அளக்க வேண்டும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015லேயே அதற்குத் தனி அட்டவணை போட்டிருக்கிறது. அதைப் பார்க்காததால்தான் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எடை குறைவு என்று மஞ்சளில் கிடந்தார்கள். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்த நோயைத் தமிழில் பசியின்மை என்று எழுதுகிறார்கள். பசி இல்லாமலா? ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் சமையல் வீடியோ பார்ப்பாள், தம்பிக்குத் தோசை வார்த்து, அவன் சாப்பிடுவதைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். 1944ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அந்த ஆண்களும் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்களாம், பேச்சு முழுக்கச் சாப்பாடாம். படித்தபோது எனக்கு என் மகள்தான் ஞாபகம் வந்தாள். இது வீம்பும் இல்லை, ஸ்டைலும் இல்லை.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடவில்லை. வீட்டில் அவளைச் செல்லமாக "குண்டு" என்று கூப்பிட்டவன் நான்தான். ஒரு நோய்க்கு ஒரே காரணம் இருக்காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார், சுபாவம், பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் எரியக் காத்திருந்ததில் தீக்குச்சி உரசியது யார் என்று கேட்கலாம் அல்லவா?

"பூசினாப்ல இருக்கா" என்பது நம் பாட்டிகள் காலத்தில் பாராட்டு. ஃபிஜித் தீவிலும் அப்படித்தான், நல்ல உடம்பு என்றால் நல்ல வீட்டுப் பிள்ளை. அங்கே ஒரு பகுதிக்கு 1995ல் டிவி வந்தது. வந்த புதிதில், எடை குறைக்க வாந்தி எடுக்கிறேன் என்று சொன்ன பள்ளி மாணவி ஒருத்தியும் இல்லை. 1998ல் நூற்றுக்குப் பதினொரு பேர். மூன்றே வருட டிவிக்கே அப்படி. இங்கே சினிமாவில் குண்டானவர் வந்தாலே சிரிப்பு, போனைத் திறந்தால் ஏழு நாளில் தொப்பை குறைய என்று ஒரு ரீல்ஸ், பையன்கள் பக்கம் போனால் பத்தாவது படிக்கும்போதே புரோட்டீன் பவுடர் டப்பா. ஆண்டு விழா டான்ஸுக்கு ஒல்லியானவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் மரமாகவும் மேகமாகவும் நிற்க வேண்டும், இது உங்கள் மேடையிலேயே நடந்தது. சிவப்பு மை போட்ட அதே பள்ளியின் கேண்டீனில் பப்ஸும் கலர் பாட்டிலும் நன்றாகவே விற்கின்றன, லாபம் எந்தக் கலரில் எழுதுகிறீர்களோ தெரியாது.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும். நீங்கள் நல்லதற்குத்தான் செய்தீர்கள் என்பதை நம்புகிறேன். "வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே சார்" என்றீர்கள். எங்கள் வீட்டிலும் எட்டு மாதம் யாரும் கம்ப்ளைன்ட் பண்ணவில்லை அம்மா, கழுவின டிபன் பாக்ஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் பணிவாக மறுபடியும் கேட்கிறேன். எடையை அறைக்குள் பாருங்கள். எண்ணைப் படிக்காதீர்கள், பட்டியலைக் குழுவில் போடாதீர்கள், பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருந்தால் உறையில் போட்டு அனுப்புங்கள். பி.டி. சாரிடம் உடம்பை வைத்து ஜோக் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாராவது பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குவது தெரிந்தால் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416ஐ அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இன்னும் நல்லது, காசு ஒன்றும் இல்லை.

என் மகள் இப்போது தேறி வருகிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கு வருவாள், ஆனால் மைதானத்தில் நிற்க மாட்டாள், டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். மற்ற பிள்ளைகளிடம் அப்படி ஒரு கடிதம் இல்லை. மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஸ்போர்ட்ஸ் ரூம் இருக்கிறது, மெஷினைத் தூக்கி உள்ளே வைக்க இரண்டு பேர் போதும். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஏழு மணிக்கு நானே வந்து தூக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா