பொங்கலை மூன்று மணிக்கு வைக்க வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஜோகன்னஸ்பர்க் லெனேசியா பூங்காவில் பொங்கல் விழாவைச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கலாம் என்று வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறாய். சனிக்கிழமை நல்ல முடிவு. தென்னாப்பிரிக்காவில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது, பள்ளிக்கூடமும் அந்தச் சமயத்தில்தான் திறக்கும். நேரம்தான் தப்பு. வெயில் தாழட்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் நம் ஹைவெல்டு மேட்டுநிலத்தில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், இடியும் மின்னலுமாக வரும். காலையில் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் வானத்தில் நண்பகலுக்கு மேகம் குவியும். மூன்று, நான்கு மணிக்குக் கறுத்துக்கொண்டு இறங்கும். சில நாள் ஆலங்கட்டியும் சேரும். நீ ஜனங்களை வரச் சொல்லியிருப்பது சரியாக அந்த நேரத்துக்கு.

காலை ஏழு மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். ஒன்றரைக்குக் கடைசிப் பாத்திரம் பக்கியில் (சின்னச் சரக்கு வண்டியில்) ஏறிவிட வேண்டும். ஜனவரியில் சூரியன் ஐந்தரை வாக்கில் உதித்துவிடுவதால் ஏழு மணி ஒன்றும் அதிகாலை இல்லை. சூரியனுக்குப் படைக்கிற விழாவைக் காலையில் வைப்பதுதானே முறையும்.

அப்படியும் மேகம் முந்திக்கொள்ளலாம், அதனால் வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்து. அவருக்கு வேறு வேலை கொடுக்காதே. மின்னல் வெட்டியதும் அவர் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்க வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டம், பாட்டு எல்லாவற்றையும் அந்த நொடியே நிறுத்து. கசீபோ என்கிற துணிப்பந்தலும் மரத்தடியும் காப்பாற்றாது. கட்டடத்துக்குள் போகட்டும், இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காரட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். பத்து நிமிடத்தில் மழை விட்டதும் பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள், விடாதே. ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இரண்டையும் ஒலிபெருக்கி மேசையில் பெரிதாக எழுதி ஒட்டு.

இனி பொங்கல். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பால் சீக்கிரம் பொங்கிவிடும், ஆனால் அரிசி சீக்கிரம் வேகாது. இது தெரியாமல், பொங்கிவிட்டதே என்று வெல்லத்தைப் போட்டால் காரியம் கெட்டது. வெல்லம் விழுந்த பிறகு அரிசி மேற்கொண்டு குழையாது. நடுவில் ஊசி மாதிரி விறைப்பு நின்றுவிடும். ஒரு பருக்கையை விரலில் வைத்து நசுக்கிப் பார். மையாக மசிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் இருந்தால்தான் வெல்லம்.

நூறு பேருக்குப் பச்சரிசி 2 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் 3 கிலோ, நெய் அரை கிலோ. பாலும் தண்ணீருமாக 13 லிட்டர் வை. ஊர்க் கணக்கைவிட இது கொஞ்சம் கூடத்தான், வேக நேரம் அதிகமாவதால் ஆவியாகப் போவதும் அதிகம். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவை. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்று, மண் இல்லாத வெல்லம் அபூர்வம். எல்லாவற்றையும் மஞ்சள் கட்டிய பானையிலேயே செய்ய ஆசைப்படாதே. அந்தப் பானையில் அரைக்கிலோ அரிசி போதும், எல்லோரும் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் சொல்வதற்கு. பந்திக்கான அரிசியையும் பருப்பையும் நாலைந்து வீடுகளில் பிரஷர் குக்கரில் வேகவைத்துச் சூடாகக் கொண்டு வரட்டும். குக்கருக்குள் இந்த உயரத்திலும் 115 டிகிரிக்கு மேல் ஏறும். வெல்லமும் நெய்யும் பூங்காவில் சேர்த்துக்கொள்ளலாம்.

புல்தரையில் விறகடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பிராய் மேடையா (பூங்காவில் கட்டியிருக்கும் தணல் அடுப்பு), கேஸ் அடுப்பா என்று பூங்கா அனுமதி கேட்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கு. கேஸ் என்றால் 9 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், நிமிர்ந்தே நிற்கட்டும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பார்த்த பிறகே பற்றவை.

மற்ற சாப்பாட்டில் தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், வெளியில் முதலில் கெடுவது அதுதான். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் போதும். மோருக்குக் கடையில் கிடைக்கும் அமாசி என்கிற புளித்த பாலே நன்றாக இருக்கும்: ஒரு பங்குக்கு இரண்டு பங்கு ஐஸ் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கு வை. காற்று குளுமையாக இருப்பதால் இந்த உயரத்து வெயில் சுடுவதே தெரியாது, இரவில்தான் தோல் எரியும். பிள்ளைகள் தொப்பி இல்லாமல் ஆட வேண்டாம்.

விளையாட்டில் எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது கயிறு இழுத்தல். கட்டுமானக் கடையில் மலிவாக இருக்கிறதே என்று நைலான் கயிறு வாங்கிவிடாதே. அது இழுக்க இழுக்க நீளும், அறுந்தால் சாட்டை மாதிரித் திருப்பி அடிக்கும். மணிலாக் கயிறு, முப்பது மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன். பக்கத்துக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் ஒருவர்கூடச் சேரக் கூடாது. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. கையில் சுற்றினால் விரலே போய்விடும். நடுவர் விசில் ஊதுவதற்கு முன்னால் பதினாறு பேரின் கைகளையும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

உறியடிப் பானை உடைகிற இடத்தில் ஒரு தார்ப்பாய் விரித்துவிடு, ஓடு வெறுங்காலில் குத்தும். கோலப்போட்டி புல்லில் நடக்காது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையைக் கயிறு கட்டி ஒதுக்கு. தரையை நனைத்த பிறகு மாவு போட்டால் காற்றில் பறக்காது.

கசீபோவைப் பற்றி ஒன்று. மழையைவிட, மழைக்கு முன்னால் திடீரென்று வீசுகிற காற்றுதான் அதைத் தூக்கும். முளை மட்டும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு காலிலும் 25 லிட்டர் தண்ணீர்க் கேன் கட்டு. மேகம் கறுக்கத் தொடங்கினால் துணியை இறக்கிவிடு.

இன்று ராத்திரியே குழுவில் நேரத்தை மாற்றிப் போடு. வயதானவர்களுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடு, அவர்கள் குழுவைப் பார்ப்பதில்லை. நல்ல மணிலாக் கயிறு எங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பழைய விழாக் குழுவினர்